ஆணி போட்ட நெல்லிக்காய்

நான் மை சாப்பிட்டிருக்கிறேன். எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்கிற ஒருவன் இப்படிச் சொன்னால் ஏதோ அலங்காரமாகப் பேசுகிறான் என்று நினைப்பீர்கள். இல்லை. ஒரு பங்குனி மாதத்து மத்தியானம், அலங்காநல்லூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில், வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து மென்று விழுங்கினேன். ருசியாகவே இருந்தது. அதற்குப் பிறகு நான் மையைக் கொண்டு செய்த எதைப் பற்றியும் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இரண்டாவது உலகச் சண்டைக்காலம். மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் அப்பாவும் நானும் குடியிருந்தோம். நான் ஓர் அச்சகத்தில் புரூப் திருத்திக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, லேகிய விளம்பரம், பஞ்சாங்கம் என்று வருவதையெல்லாம் வாசிப்பது தொழில். அது போதாதென்று, பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்து கிடப்பவற்றையும் வாங்கி வந்து வாசிப்பேன். ஆகவே எனக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு ஒரு நினைப்பு. சோறு வடிக்க மட்டும் தெரியாது. அதை அப்பா செய்தார்.

அப்பா ரயில்வே எஞ்சின் ஷெட்டில் பாகங்களைப் பொருத்துகிற பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எஞ்சினை நம்புவார், அளவுகோலை நம்புவார், மற்றபடி எதையும் நம்பமாட்டார். சகுனம் பார்க்கிறவர்களைக் கண்டால் அவருக்குப் பொழுது போகும். பூனை குறுக்கே போனது என்று வீட்டுக்குத் திரும்பியவரிடம், "அந்தப் பூனை வீட்டுக்குப் போயி என்ன சொல்லும், ஒரு மனுசன் குறுக்க வந்தாம்னு அதுவும் உக்காந்திருக்குமா?" என்று கேட்பார். அம்மா இல்லை. எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது பிரசவத்தில் போய்விட்டாள். ஒரு தங்கை பிறந்திருக்க வேண்டும். அவளும் அம்மாவோடு போய்விட்டாள். அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு எடுப்பதில்லை.

என்னைவிட நாலு வயது மூத்த அக்காவை அலங்காநல்லூர் பக்கம் நிலம் உழுகிற ஒரு சம்சாரி வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தோம். நல்ல குடும்பம். ஆனால் அக்காவுக்கு இரண்டு தடவை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. மூன்றாவது தடவையாகத் தரித்தபோது, யாரும் யாரிடமும் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஏதோ தூங்குகிற குழந்தை பக்கத்தில் நடப்பதுபோல எல்லோரும் அந்தச் செய்தியைச் சுற்றி மெதுவாக நடந்துகொண்டிருந்தோம்.

தை மாதக் கடைசியில் மச்சான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், ஒரு சிப்பம் அரிசியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அரிசியை இறக்கிவைத்துவிட்டுத் துண்டை உதறி உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். சொல்ல வந்ததைச் சொல்லத் தெரியாதவர்கள் துண்டை அந்தப் பாடு படுத்துவார்கள்.

"மாப்ள, நெல்லிக்கா கிடைக்குமா?"

"எதுக்கு மச்சான்?"

"ஒங்கக்காவுக்கு வயித்துல ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. கஞ்சி நிக்கல, மோர் நிக்கல. நெல்லிக்காயக் கடிச்சா மட்டும் நிக்குது. அதக் கடிச்சுட்டு அது மேல ரெண்டு வாய் கஞ்சி குடிக்கிறா. நெல்லிக்கா இல்லாட்டி அதுவும் வெளிய வந்துருது."

அழகர் மலைப் பக்கத்திலிருந்து கூடையில் நெல்லிக்காய் கொண்டுவந்து விற்கும் பெண்கள் சிம்மக்கல்லில் உட்கார்வார்கள். அன்றைக்கே ஒரு பை வாங்கிக் கொடுத்தனுப்பினேன். ஆனால் காய் விற்ற பெண் சொன்னாள்: "வாங்கிக்கங்கண்ணே. இன்னும் ஒரு மாசந்தேன். மாசி போச்சுன்னா மரத்துல இலைதான் இருக்கும்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பங்குனி ஐந்தாம் மாதம். அந்த மாதத்தைத்தான் எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். அந்த மாதத்தில்தான் நெல்லிக்காயும் இருக்காது.

இங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது. என்னிடம் அட்டையில்லாத ஓர் இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. யாரோ ஒரு துரைசானி தன் நாட்டுப் பெண்களுக்காக எழுதிய சமையல் புத்தகம். வெளியே பனி கொட்டும். செடி கொடியெல்லாம் செத்துக் கிடக்கும். அந்த மாதங்களில் வீட்டார் சாப்பிடுவதற்காகப் பழங்களைச் சர்க்கரைப் பாகில் போட்டு எப்படிப் பத்திரப்படுத்துவது என்று அதில் முப்பது பக்கம் எழுதியிருந்தாள். பனிக்காலத்துக்குப் பழம் சேர்க்கிற மக்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மதுரையில் குளிர்காலம் என்பது, விடியற்காலையில் கிழவர்கள் தலையில் மப்ளர் கட்டுகிற பதினைந்து நாள். நாங்கள் பயப்பட வேண்டியது வெயில்காலத்துக்கு. பனிக்குப் பதில் நெருப்பு என்று படித்துக்கொண்டால் துரைசானி சொன்னதெல்லாம் பொருந்தும்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் வடித்த கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, "சர்க்கரை?" என்று கேட்டார்.

அதுதான் சரியான கேள்வி. சர்க்கரைக்கு ரேஷன் கார்டு வந்துவிட்டிருந்தது. இரண்டு ஆம்பிளைகளுக்குக் கொடுக்கிற சர்க்கரை காப்பிக்கே காணாது. அப்பாவுக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆடம்பரம் காலைக் காப்பியில் இரண்டு கரண்டிச் சர்க்கரை. மறுநாள் காலையில் அவர் காப்பியில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் பொய் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாசி கடைசி வாரத்தில் வேலையை ஆரம்பித்தோம். பெரிய காய்களாகப் பொறுக்கிக் கழுவினேன். காயைச் சுற்றிலும் ஊசியால் குத்த வேண்டும், அப்போதுதான் பாகு உள்ளே இறங்கும் என்று புத்தகத்தில் இருந்தது. நான் குத்திய காய்கள் பிய்ந்தன. அப்பா என் கையிலிருந்து ஊசியை வாங்கிக்கொண்டு, ஒரு காயை விரலுக்குள் உருட்டி உருட்டி, வரிசை பிசகாமல் துளை போட்டார். பாய்லர் தகடு மாதிரி இருந்தது.

"ஒனக்கு அச்சாபீசுதான் சரி" என்றார். "அங்கதான் பேனாவால எம்புட்டுக் குத்தினாலும் எழுத்து பிய்யாது."

எங்கள் பின்கட்டில், நான் அக்கா என்று கூப்பிடுகிற ஓர் அம்மாள் குடியிருந்தார். அவர் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே எங்கள் சமையலை மேற்பார்வை பார்ப்பார். அடுப்பில் எது தீய்ந்தாலும் எங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

"தம்பி, என்னய்யா பண்றீக ரெண்டு பேரும்? மருந்து வாடை அடிக்கி."

"நெல்லிக்காய்க்குப் படிகாரத் தண்ணி, அக்கா. ஒரு நாள் ஊறணும்."

"யாரு சொன்னா?"

"புத்தகத்துல போட்டிருக்கு."

"புத்தகத்துல பிள்ளைத்தாய்ச்சிக்கு எடுத்துட்டுப் போறதுக்கு என்ன வைக்கணும்னு போட்டிருக்கா? வெறுமனே எடுத்துட்டுப் போயிராதீக. இரும்பு வச்சுக் கொண்டு போகணும். அத்துவானக் காட்டுல காத்துக்கருப்பு எது நிக்கிதோ."

எங்கள் பக்கத்து வழக்கம் இது. கர்ப்பிணிக்குப் பலகாரமோ சோறோ கொண்டு போனால், பாத்திரத்தின் மேல் ஓர் இரும்புத் துண்டு வைப்பார்கள், இல்லாவிட்டால் கரித்துண்டு. வழியில் எந்தக் காற்றும் அதன் மேல் ஏறி வராமலிருக்கக் காவல். பின்கட்டு அக்கா சொன்னதைக் கேட்டு அப்பா ஊசியை நிறுத்தாமல் சத்தமாகச் சொன்னார்: "ஏம்மா, நாங்க போற பஸ்ஸே இரும்புதானம்மா. அம்புட்டு இரும்பப் பாத்துமா காத்து கிட்ட வரும்?"

சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். எனக்கும் பெருமையாக இருந்தது. பகுத்தறிவுள்ள வீட்டில் பிறந்திருக்கிறேன் என்று.

காய்களை வேகவைத்து, பாகு காய்ச்சி, அதில் போட்டோம். அடுத்த நாள் காயை எடுத்துவிட்டுப் பாகை மட்டும் மறுபடியும் இறுக்கினோம். அதற்கடுத்த நாளும் அப்படியே. கம்பிப் பதம் வந்ததா என்று அப்பா இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்து இழுத்துப் பார்த்தார், ஏதோ நட்டின் மரையைச் சோதிப்பதுபோல. கடைசியில், வெயில் படும்போது தேன் நிறத்தில் கண்ணாடிபோல மின்னுகிற நெல்லிக்காய்கள் இரண்டு பீங்கான் ஜாடி நிறைய வந்தன. புத்தகத்தில், ஜாடிகளை நிலத்தடி அறையில் வைக்கவும் என்று இருந்தது. எங்கள் வீட்டில் நிலத்துக்கு அடியில் எலிதான் அறை வைத்திருந்தது. அப்பாவின் கட்டிலுக்கு அடியில் வைத்தோம்.

ஒரு ஜாடி உடனே அக்காவுக்கு. மற்றொன்று அடுத்த மாதத்துக்கு. ஆனால் அச்சகத்தில் பஞ்சாங்கம் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி லீவு தரவில்லை. நல்ல நாள் எது என்று ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, நான் புறப்பட நாள் கிடைக்காமல் பத்து நாள் இருந்தேன். அதற்குள் மச்சானிடமிருந்து ஆள் மூலம் சேதி: பச்சை நெல்லிக்காய் தீர்ந்துவிட்டது, சீக்கிரம் வரவும்.

போகிற அன்று அப்பாவும் வேட்டி மாற்றிக்கொண்டு நின்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அந்த ஊருக்கு இரண்டு தடவைதான் போயிருந்தார். இரண்டும் நல்லதுக்கு இல்லை.

பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டிவிட்டு அந்தப் புகையில் ஓட்டினார்கள். ஓட்டினார்கள் என்பது மரியாதைக்காகச் சொல்வது. மேடு வந்தால் நாங்கள் இறங்கித் தள்ளினோம். அப்பா மட்டும் இறங்கவில்லை. ஜாடியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் கேட்டார்:

"பெரியவரே, ஜாடில என்ன, ஊறுகாயா?"

"எம் மகளுக்கு."

"மகளுக்குத்தான். என்னன்னு கேட்டேன்."

"எம் மகளுக்குங்கிறேன்ல" என்றார் அப்பா. அதற்கு மேல் அந்த ஆள் கேட்கவில்லை.

அலங்காநல்லூரில் மச்சான் வண்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். "வாங்க மாமா. வா மாப்ள." மாட்டின் முதுகைப் பார்த்தபடியே சொன்னார்: "மூணு நாளா தண்ணிகூட நிக்கல. எங்காத்தா பயந்து போயிருக்கு. நேத்துலருந்து அவ எந்திரிக்கல."

வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டு அக்கா படுத்திருந்தாள். பக்கத்தில் தரையில் ஒரு மண்சட்டி. அது எதற்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அக்காவின் கை மணிக்கட்டில் வளையல் முழங்கை வரைக்கும் ஓடிப் போய் வந்தது. "வாங்கப்பா" என்றாள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அவள் மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நானும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். நெஞ்சில் ஈரமும் வாயில் காரமும் உள்ளவர்.

"கொண்டாந்தீகளா? குடுங்கண்ணே இப்படி."

அப்பாவின் மடியிலிருந்து ஜாடி அத்தையின் கைக்கு மாறியது. வாய்க்கட்டுத் துணியை அவிழ்த்து, மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னய்யா இது?"

எட்டிப் பார்த்தேன். தேன் நிறத்தில் நான் வைத்த பாகு, கறுகறுவென்று கிடந்தது. எங்கள் அச்சக மை டப்பாவுக்குள் பார்ப்பதுபோலவே இருந்தது. அத்தை கரண்டியை விட்டு ஒரு காயை எடுத்தார். கரிக்கட்டை நிறம். இன்னும் கீழே விட்டார். 'ணங்' என்று ஒரு சத்தம். கரண்டியோடு மேலே வந்தது ஒரு முழுவிரல் நீள இரும்பு ஆணி.

கட்டிலிலிருந்து அக்கா மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

எனக்கு உடனே பின்கட்டு அக்காவின் மேல் கோபம் வந்தது. நாங்கள் இல்லாத நேரம் பார்த்துச் சுவர் ஏறிக் குதித்தாவது போட்டிருப்பார் என்று தோன்றியது. அந்தக் கோபத்தில் ஒரு விஷயம் மின்னியது. பள்ளிக்கூடத்தில் எங்களை மை காய்ச்சிக் கொண்டுவரச் சொல்வார்கள். கடுக்காய்த் தண்ணீரில் இரும்பு உப்பாகிய அன்னபேதியைப் போட்டால் கறுப்பு மை. கடுக்காயில் இருக்கிற துவர்ப்பு நெல்லிக்காயிலும் இருக்கிறது. இரும்பும் இருக்கிறது. பத்து நாள் ஊறியிருக்கிறது. இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. இதை நான் விளக்க ஆரம்பித்தேன். இருபத்தாறு வயதில் நான் எதையும் விளக்காமல் விட்டதில்லை.

மச்சான் பொறுமையாக முழுவதையும் கேட்டார்.

"அப்ப இது மையா மாப்ள?"

"ஆமா மச்சான். கிட்டத்தட்ட."

"மையவா எம் பொண்டாட்டிக்குத் திங்கக் கொண்டாந்திருக்க?"

அத்தைக்கு வேறு விளக்கம் இருந்தது. "அவன் சொல்றதக் கேக்காத. வழில ஏதோ வந்திருக்கு. இரும்பு அதைப் பிடிச்சு உள்ள வச்சிருக்கு. பாக்கும்போதே தெரியல? கொண்டு போயி ஓடைக்கு அங்கிட்டுக் கொட்டு. ஜாடியோட போடு."

ஆக என் சாஸ்திரமும் அத்தையின் சாஸ்திரமும் வேறு வேறு வழியில் போய், கொட்டிவிட வேண்டும் என்கிற ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. மச்சான் ஜாடியைத் தூக்கினார்.

"ஆணிய யாரு போட்டதுன்னு தெரிஞ்சாவது..." என்று அத்தை ஆரம்பித்தார்.

"நாந்தேன் போட்டேன்."

அப்பா. வேப்பமரத்தில் சாய்ந்து நின்றிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. அத்தையின் கரண்டியில் இருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தைக்கு நம்ப முடியவில்லை. கல்யாணத்தின்போது திருஷ்டிப் பொட்டிலிருந்து எலுமிச்சம்பழம் வரைக்கும் ஒவ்வொன்றாகக் கேலி பண்ணிய மனிதர் இவர். "நீங்களாண்ணே?"

"ஜாடி கட்டின அன்னிக்கே போட்டேன். இவனுக்குத் தெரியாது." பிறகு யாரிடமும் இல்லாததுபோலச் சொன்னார்: "இவுக அம்மாவுக்கு நேரம் ஆனப்ப, கட்டிலுக்கு அடில ஒரு அருவாள வச்சிருந்தாக. காத்துக்கருப்பு வரக்கூடாதுன்னு. நான் வேலை முடிஞ்சு வந்து பாத்தேன். சிரிச்சேன். எடுத்து வெளிய எறிஞ்சேன். அன்னிக்கு விடியிறதுக்குள்ள அவ இல்ல. அருவாளுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லேன்னு எனக்குத் தெரியும். தெரியும். இருந்தாலும் இந்தத் தடவை எறிய மனசு வரல. அதான் உள்ள போட்டேன்."

இத்தனை வருஷம் அந்த வீட்டில் அவரோடு இருந்திருக்கிறேன். அரிவாள் கதையை அன்றைக்குத்தான் கேட்டேன். அக்காவும் அன்றைக்குத்தான் கேட்டாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது.

அத்தைதான் முதலில் பேசினார். குரல் இளகியிருந்தது, ஆனால் சொன்ன விஷயத்தை விடவில்லை. "அண்ணே. இரும்ப மேல வைக்கணும்ணே. துணி மேல. உள்ளயா போடுவாக?"

"மேலயா?" அப்பா உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "எனக்கெப்படித் தெரியும்? நான் என்னிக்குக் கிட்ட நின்னு பாத்தேன்?"

வாழ்நாள் பூராவும் கேலி செய்தவருக்கு, நம்பவேண்டி வந்தபோது, எப்படி நம்புவது என்று தெரியவில்லை. பிட்டர் கணக்கில், காவல் என்றால் பாகத்துக்குள் பொருத்துவதுதான் உறுதி என்று நினைத்துவிட்டார்.

மச்சான் ஜாடியோடு இரண்டு அடி எடுத்து வைத்தார். "கொட்டாதீக" என்றது கட்டில்.

அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். அந்த உட்காருவதற்கே மூச்சு வாங்கியது. "இங்க கொண்டாங்க."

"இவளே, கறுத்துப் போய்க் கிடக்குடி."

"எங்கப்பா போட்ட ஆணி அத்தை. எங்கப்பா கையால போட்டதுல எந்தக் காத்து வந்திரும்?"

என் புத்தகத்தில் இப்படி ஒரு கணக்கு கிடையாது. மச்சான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். அப்போது அப்பா மரத்தை விட்டு வந்தார். ஜாடிக்குள் கையை விட்டு ஒரு காயை எடுத்து, வாயில் போட்டு, கொட்டையைத் துப்பினார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். நானும் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன். என் வாய் விளக்கத்துக்கு மட்டும்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. இனிப்பு, பிறகு புளிப்பு, அடியில் லேசாக ரயில் தண்டவாளத்து வாசம். தைரியம் வந்து இன்னொன்றும் எடுத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்பா. இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்ல வாயைத் திறந்தார், அல்லவா? உதடு, பல், நாக்கு, எல்லாம் கறுப்பு. எஞ்சின் புகைபோக்கிக்குள் பார்ப்பதுபோல இருந்தது. என் வாயும் அப்படித்தான் என்பதை மச்சானின் முகத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

அக்கா அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் மூஞ்சியப் பாருங்க அத்தை" என்றாள். சிரிக்க அவளுக்குத் தெம்பு இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் கையை நீட்டினாள்.

ஒன்று தின்றாள். இன்னொன்று தின்றாள். அத்தை மண்சட்டியை இன்னும் கொஞ்சம் கட்டில் பக்கம் நகர்த்தி வைத்தார். வழக்கமாக, தின்ற கொஞ்ச நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று மச்சான் என் காதருகில் சொன்னார்.

நாங்கள் காத்திருந்தோம். என் வாழ்க்கையில் பல விஷயங்களுக்குக் காத்திருந்திருக்கிறேன். கதை வருமா என்று பத்திரிகைகளுக்கு, சம்பளத்துக்கு, கலியாணத்துக்கு. அந்த மாதிரிக் காத்திருப்பு வேறு கிடையாது. மூன்று பேர் ஒரு மண்சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்பா மட்டும் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. மாட்டுத் தொட்டி வரைக்கும் போவார், திரும்பி வருவார். அத்தையின் உதடு எதையோ முணுமுணுத்தது. வேப்பமரத்து நிழல் கட்டிலின் ஒரு காலைத் தாண்டி அடுத்த காலுக்குப் போனது. அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். ஒரு தடவை நெஞ்சில் கையை வைத்தாள்; மச்சான் சட்டியைக் கையில் எடுத்துவிட்டார். ஒன்றுமில்லை, ஈ உட்கார்ந்திருந்தது.

பிறகு கண்ணைத் திறந்து கேட்டாள்: "அத்தை, கஞ்சி இருக்கா?"

அத்தை உள்ளே ஓடிய ஓட்டத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கண் கசிகிறது. கனத்த உடம்பு. அந்தம்மாள் ஓடி நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கஞ்சியும் நின்றது. பொழுது சாய்வதற்குள் அத்தையின் சாஸ்திரம் தன்னைத் திருத்திக்கொண்டிருந்தது. "வந்தது இரும்புல சிக்கிச் செத்துப் போச்சு. செத்தது என்ன பண்ணும்? சாப்பிடலாம்." தினம் இரண்டு என்று அத்தையே அளந்து கொடுத்தார்.

சித்திரையில் இரண்டாவது ஜாடியை நான் மட்டும் கொண்டு போனேன். அதில் ஆணி கிடையாது. நான் உறுதிப்படுத்திக்கொண்டுதான் போனேன். தேன் நிறம், கண்ணாடி மாதிரி. துரைசானி பார்த்தால் கையைக் குலுக்கியிருப்பாள். அக்கா ஒரு வாய் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இது நல்லாவே இல்லடா. அப்பா போட்டது மாதிரி இல்ல. அந்த ஆணியப் போட்டு வச்சுட்டுப் போ."

ஐந்தாம் மாதம் தாண்டியது, ஆறாம் மாதம் தாண்டியது. கறுத்த நெல்லிக்காயைத் தின்றுகொண்டே அக்கா எழுந்து நடமாட ஆரம்பித்தாள். ரொம்ப வருஷம் கழித்து, எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இரும்புச் சத்து என்று நாங்கள் புட்டியில் எழுதிக் கொடுக்கிறோமே, புளிப்போடு சேர்ந்தால் அது உடம்பில் நன்றாக ஒட்டும் என்றார். "ஒங்கப்பா எந்தக் காலேஜ்ல படிச்சார்?" என்று கேட்டார். எஞ்சின் ஷெட் என்று சொன்னேன். ஆணியினால்தான் எல்லாம் நடந்தது என்று நான் சொல்லவரவில்லை. டாக்டரும் சொல்லவில்லை. இதையெல்லாம் விளக்கியே தீரவேண்டும் என்கிற வயது எனக்குத் தாண்டிவிட்டது. என் பங்குக்கு அதில் இருந்தது ஒரு புத்தகம், கொஞ்சம் பிய்ந்த காய்கள், யாருக்கும் தேவைப்படாத ஒரு பிரசங்கம். மற்றதெல்லாம் மற்றவர்கள் கொடுத்தது. கருப்பட்டிக் காப்பி ஒருவர் கொடுத்தது. உள்ளே ஓடிய ஓட்டம் ஒருவர் கொடுத்தது. அதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நன்றி என்பதைவிட ஒரு கனம் கூடுதலாகவே நெஞ்சில் உட்காருகிறது.

ஆவணியில் அக்காவுக்குப் பெண் பிறந்தது. சேதி வந்த அன்றே அப்பா புறப்பட்டுவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். குழந்தை இருந்த அறையின் வாசலோடு அப்பா நின்றுவிட்டார். சேலையைத் தொங்கவிட்டுக் கட்டிய தொட்டில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. தொட்டில் கயிற்றில், உத்தரத்துக்குப் பக்கத்தில், சிவப்புத் துணியில் ஏதோ முடிந்து கட்டியிருந்தது. துணிக்கு வெளியே ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஆணி.

அப்பா அதைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பழைய அப்பா எட்டிப் பார்க்கப் போகிறார் என்று நான் நினைத்தேன்.

"அது ரயில்வே சொத்து" என்றார். "கேட்டா திருப்பிக் குடுக்கணும்." சொல்லிவிட்டு, உள்ளே போய் எக்கி நின்று, அது சரியாக முடிச்சுப் போட்டிருக்கிறதா என்று கையால் இழுத்துப் பார்த்தார்.

அத்தை தொட்டிலை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "மேல கட்டியிருக்கேன் பாருங்கண்ணே. உள்ள போடல."